ஒன்பது தேசிக்காய்

பீல் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால்,
மூன்றாம் மாடி வீட்டைத்
திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள்.
பதினொரு வருடத் தண்ணீர்
குழாய்களின் கழுத்தில் வெள்ளையாய் இறுகிக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரித் தரைக்கு நான் ஊற்றும் திரவங்கள்
கையுறைக்குள்ளும் புகுந்து விரல்களை வெடிக்க வைத்தவை.
"வீட்டிலாவது தொடாதீர்கள்" என்றார் தோல் வைத்தியர்.
ஆகவே வலைப்பையில் ஒன்பது தேசிக்காய்.
இங்கத்தையது: மஞ்சள், தடித்த தோல்,
ஊறுகாய்க்கு உதவாத பெருமை.

இரண்டை வெட்டிக்
குழாய்களின் வாயில் தொப்பிபோல் மாட்டி
ரப்பர் வளையம் போட்டுவிட்டுப் படுத்தேன்.
இரவு முழுக்க அவை
சத்தமில்லாமல் தின்றிருக்க வேண்டும்.
விடியக் கழற்றினால்
குழாயில் என் முகம்,
மூக்கு மட்டும் பெரிதாய்.

மூன்றாவது மைக்ரோவேவுக்குள்.
கிண்ணத்துத் தண்ணீரில் கொதித்து ஆவியாகி
கணவாய்க் கறி வெடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை
உரித்தெடுத்தது.
நான்காவதும் உப்பும் அடுப்படி மேடையின் மஞ்சள் கறைக்கு.
அது போகவில்லை, வெளிறியது.
போகாததை வெளிற வைத்தால் போதும் என்பது
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

ஐந்தாவதைக் காணோம்.
பால்கனியில் அக்சரா
சாற்றைத் தலையில் ஊற்றிக்கொண்டு
வெயிலுக்கு முதுகு காட்டி இருக்கிறாள்.
முடி பொன்னிறமாகுமாம். வகுப்பில் ஒருத்திக்கு ஆனதாம்.
"எவ்வளவு நேரம்?"
"இரண்டு மணித்தியாலம், அம்மா."
ஒன்று முடியுமுன்னே குளவிகள் வந்தன.
கழுவிய பிறகு முடி
முன்னைவிடக் கறுப்பு.
அவள் கையிலிருந்த தோலை வாங்கி
என் முழங்கையில் தேய்த்தேன்.
விரல் வெடிப்பில் சாறு பட்டதும்
என் வாயில் வந்த சொல்லைக் கேட்டு
அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

இனி மிச்சம் ஜன்னலடிக் கல்லில் ஒரு தேநீர் வட்டம்.
ஆறாவதை வெட்டி
அதன்மேல் கவிழ்த்து வைத்தேன்.
டெலிபோன் அடித்தது.
மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை, சரியாக ஒன்பது மணிக்கு,
ஃபிராவ் நீடர்ஹவுசர்.
குழாயை விரலால் தடவி, விரலை முகர்ந்தார்.
"சிட்ரோனே?"
"சிட்ரோனே."
படிவத்தின் பின்பக்கத்தில்
தனக்கென்று குறித்துக்கொண்டார்.
அடுப்பைத் திறந்து குனிந்து பார்த்தார், மூடினார்.
ஜன்னலடியில் நின்றுவிட்டார்.

வழுவழுத்த கல்லில்
மங்கலாய், சொரசொரப்பாய் ஒரு வட்டம்.
தேநீர்க் கறை போயிருந்தது.
கல்லும் கொஞ்சம் போயிருந்தது.

"இது யூரா மலைக் கல். சுண்ணாம்பு" என்றார், கோபமில்லாமல்.
குழாயில் இருந்ததும் சுண்ணாம்புதானே, என்றேன்.
"ஆமாம். அது அழுக்கு."

அதே மலை. அதே மலையில் இறங்கிய மழை.
ஒன்றைக் கரைத்தால் வைப்புப் பணம் திரும்பும்,
மற்றதைக் கரைத்தால் வைப்புப் பணம் கரையும்.
தேசிக்காய்க்கு யார் சொல்லிக்கொடுப்பது
எது படிந்தது, எது பதித்தது என்று?

இருநூற்று நாற்பது பிராங்க்.
கையெழுத்து வைத்தபோது
பேனா அழுந்திய இடம் எரிந்தது.

கீழே, வாடகை வானின் முன்சக்கரங்களுக்கு
ஏழாவதும் எட்டாவதும்.
நிரூபன் வண்டியை எடுத்தார், நசுங்கின.
கீழ்வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்குமுன்
ஓடிப்போய்ப் பொறுக்கிப்
பச்சை வாளிக்குள் போட்டேன்.
தார்ச்சாலையில் ஈரம் மட்டும் இருந்தது,
அதற்குச் சட்டமில்லை.

நிடாவில், புது வீட்டில்,
பெட்டிகளைப் பிரிக்குமுன் குழாயைத் திறந்து மூடினேன்.
ஒரு துளி தொங்கியது, விழவில்லை.
அது காயும்போது என்ன நிறமாகும் என்று
எனக்குத் தெரியும்.

பிறகு ஜன்னலடியை
விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன்.
மரம்.
ஒன்பதாவதை அதன்மேல் வைத்தேன்,
வெட்டாமல்.